மகன் என்னை ‘அண்ணி’ என்கிறான், மாற்ற முடியுமா?

கேள்வி: எனக்குப் பிறந்த ஊர் காரைக்குடிப் பக்கம், வாக்கப்பட்டது மன்னார்குடிப் பக்கம் ஒரு கூட்டுக்குடும்பத்தில். இரண்டரை வயது மகன் என்னை ‘அண்ணி’ என்றும் மாமியாரை ‘அம்மா’ என்றும் கூப்பிடுகிறான். என் அம்மாவை ‘ஆயா’ என்று கூப்பிடச் சொல்லிக்கொடுத்தால் இங்கே எல்லோரும் சிரிக்கிறார்கள். பள்ளிக்கூடம் போவதற்குள் மாற்றிவிட முடியுமா?

பதில்: முடியும், பயப்பட ஒன்றுமில்லை. பையன் குழம்பவில்லை, காதில் விழுவதை ஒழுங்காகப் பிடித்திருக்கிறான். கொழுந்தனும் நாத்தனாரும் உங்களை ‘அண்ணி’ என்கிறார்கள், உங்கள் கணவரும் சேர்ந்து அத்தனை பேரும் அவன் பாட்டியை ‘அம்மா’ என்கிறார்கள். உங்களை அம்மா என்று கூப்பிட அந்த வீட்டில் அவனை விட்டால் வேறு ஆள் கிடையாது, அப்புறம் அவன் அதை யாரிடம் கேட்டுக் கற்றுக்கொள்வான்? டெல்டாவுக்கு இது புதிதும் இல்லை. கும்பகோணம், மாயவரம் பக்கத்துப் பழைய பிராமணக் குடும்பங்களில் பெற்ற தாயை ‘மன்னி’ (அவர்கள் வீட்டு ‘அண்ணி’) என்றும் தகப்பனை ‘அண்ணா’ என்றும் கடைசிவரை கூப்பிட்டவர்கள் உண்டு, காரணம் இதேதான்.

ஆகவே பையனைத் திருத்தாதீர்கள், பெரியவர்களைத் திருத்துங்கள். கொழுந்தன் உங்களை நேரே அண்ணி என்று கூப்பிடுவது அப்படியே இருக்கட்டும், பையனிடம் உங்களைப் பற்றிப் பேசும்போது மட்டும் “அம்மாகிட்ட போ”, “அம்மா எங்கடா?” என்று எல்லோரும் சொல்ல வேண்டும். கணவரும் தன் அம்மாவைப் பற்றி அவனிடம் “அப்பாயி கூப்பிடுறாங்க பாரு” என்று சொல்லிப் பழக வேண்டும். நீங்களும் “நான் ஊட்டவா” என்பதை விட்டு “அம்மா ஊட்டவா” என்று சொல்லுங்கள். அவன் ‘அண்ணி’ என்றால் காது கேளாததுபோல் இருந்து படுத்த வேண்டாம், “அம்மாவுக்கு என்ன செய்தி?” என்று சிரித்துக்கொண்டே போய் நில்லுங்கள். மாமியாருக்கு மனசு சங்கடப்படலாம், பேரன் வாயால் அம்மா என்று கேட்டுப் பழகியவர் அல்லவா, அதனால் இதை அவரிடம் நீங்கள் ஆரம்பிக்காமல் கணவரை விட்டுப் பேசச் சொல்வதுதான் புத்திசாலித்தனம்.

சரி, ஆயாவுக்கு வருவோம். உங்கள் ஊர் நகரத்தார் வீடுகளில் ஆயா என்றால் அம்மாவைப் பெற்றவர், சென்னைப் பக்கம் பாட்டி யாரானாலும் ஆயா, உங்கள் புகுந்த வீட்டாருக்குப் பால்வாடியில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாதான் ஞாபகம் வருகிறது போலிருக்கிறது. அதற்காகச் சிரித்தால் ஊரில் பாதிப்பேரைப் பார்த்துச் சிரிக்க வேண்டியதுதான். நகரத்தார் பெற்றவளையே ஆத்தா என்பார்கள், கொங்கில் பல வீடுகளில் ஆத்தா பாட்டி, டெல்டாவில் சமயபுரத்தாளும் ஆத்தா. நகரத்தாருக்கு அப்பா ‘அப்பச்சி’, கொங்கிலோ அம்மாவின் அப்பா! நெல்லைப் பக்கம் பாட்டி ‘ஆச்சி’. நாகூர்க் கடற்கரை முஸ்லிம் வீடுகளில் அம்மா ‘உம்மா’, அப்பா ‘வாப்பா’. ராவுத்தர் வீடுகளில் அப்பா ‘அத்தா’, அதை ஒரு எழுத்து நீட்டினால் பக்கத்துத் தெருவில் அம்மா ஆகிவிடுவார். தஞ்சாவூரை 1855 வரை ஆண்ட மராத்தியரின் மொழியில் தாய் ‘ஆயி’.

இந்த வேறுபாடு ஊருக்கு ஊர் மட்டும் வந்ததும் இல்லை. குறுந்தொகை 40ஆம் பாட்டு ‘யாயும் ஞாயும்’ என்று தொடங்குகிறது, யாய் என்றால் என் தாய், ஞாய் என்றால் உன் தாய், ‘தாய்’ என்பது முன்னே அவனுடைய அல்லது அவளுடைய தாயைத்தான் குறித்தது. யாருடைய அம்மா என்பதற்கே தனித்தனிச் சொல் வைத்திருந்த மொழியில் உங்கள் பிள்ளைக்கு அப்பாயி, ஆயா இரண்டும் இருப்பதால் ஒன்றும் ஆகிவிடாது. எந்த ஊர்ச் சொல் யாருக்கு என்பதைப் பிள்ளைகள் சிரமமில்லாமல் பிரித்துக்கொள்வார்கள்.

அந்த வீட்டு வழக்கப்படி உங்கள் அம்மாவை ‘அம்மாச்சி’ என்றுதான் கூப்பிட வேண்டும் என்று யாராவது வற்புறுத்தினால், அவனை எப்படிக் கூப்பிடச் சொல்வது என்பது உங்கள் அம்மாவின் விருப்பம் என்று சொல்லிவிடுங்கள். நீங்கள் சொல்லிக்கொடுப்பதைவிட, வீடியோ காலில் அவரே தினம் “ஆயா பேசுறேன்டா” என்று ஆரம்பித்தால் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். பள்ளியில் சேர்க்கும்போதும் ‘அண்ணி’ போகவில்லை என்றால் டீச்சரிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் சாயங்காலம் “உன் அம்மா வந்திருக்காங்க” என்று அவர் சொல்ல, இவன் பாட்டியைத் தேடிக்கொண்டு நிற்பான்.