டிரெய்லருக்குப் பின்னால் ஒரு கண்

வாகனம்: வாசகர் கேள்வி, பட்டறை பதில்

கோடை விடுமுறைக்கு டிரெய்லரை மாட்டிக்கொண்டு மலையேறுகிறவர்களும், வைக்கோல் ஏற்றி டிராக்டர் ஓட்டுகிறவர்களும் இந்த முறை ஒரே விஷயத்தைத்தான் கேட்டிருக்கிறார்கள்: டிரெய்லரின் பின்பக்கத்தில் கேமரா வைப்பது.

கேள்வி: பொலிரோவுக்குப் பின்னால் இழுத்துப்போகிற சின்ன கேம்பிங் டிரெய்லர் வைத்திருக்கிறோம். பெட்டி 11 அடி நீளம். கொடைக்கானல் பக்கம் போகும்போது உள்கண்ணாடியில் டிரெய்லரின் நெற்றி மட்டும்தான் தெரிகிறது. பின்னால் கேமரா வைக்க என்னென்ன வாங்க வேண்டும்? விளக்குக்கு இருக்கிற 7 பின் பிளக்கிலேயே கேமரா வயரையும் கொடுத்துவிடலாமா?
(வாசகர், கே.கே. நகர், மதுரை)

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். கொடுக்கக் கூடாது. அந்த ஏழில் இரண்டு இண்டிகேட்டருக்கு, இரண்டு டெயில் லைட்டுக்கு, ஒன்று பிரேக் லைட்டுக்கு, ஒன்று எர்த்துக்கு. மிச்சமுள்ள ஒன்று ஃபாக் லைட்டுக்கு உரியது. பல டிரெய்லர்களில் அது சும்மா கிடக்கும். சும்மாதானே கிடக்கிறது என்று அதில் வீடியோ வயரை மாட்டினால் படம் வரும், இண்டிகேட்டர் போடுகிற வரைக்கும். கேமராவிலிருந்து வருகிற வீடியோ சிக்னல் 1 வோல்ட் அளவுதான். பக்கத்திலேயே 12 வோல்ட் விளக்கு வயர்கள் ஓடினால், வலை உறை போட்ட ஷீல்டு கேபிள் இல்லாமல் அந்தச் சிக்னல் பிழைக்காது. அதனால் கேமராவுக்குத் தனிப் பாதை.

வாங்கும்போது 4 பின் திருகு பிளக் உள்ள கேமரா, மானிட்டர், கேபிள் மூன்றையும் ஒரே ரகமாகக் கேளுங்கள். கார் ஆக்சசரீஸ் கடையில் முதலில் எடுத்துக் காட்டுவது மஞ்சள் முனை ஆர்.சி.ஏ. வயராக இருக்கும். அது காருக்குள் சரி. டிரெய்லரில் மழையும் அதிர்வும் பட்டால் கழன்றுவிடும், துரு ஏறிவிடும். 4 பின்னில் இன்னொரு வசதி, கேமராவுக்கு வேண்டிய கரண்டும் எர்த்தும் வீடியோவோடு சேர்ந்து மானிட்டரிலிருந்தே போய்விடும். டிரெய்லர் விளக்கு வயரில் கை வைக்க வேண்டியதே இல்லை.

கேமரா ஏ.எச்.டி. (அனலாக் ஹை டெஃபினிஷன்) ரகம் என்றால் மானிட்டரும் ஏ.எச்.டி. எடுக்க வேண்டும். பழைய ரக மானிட்டரில் மாட்டினால் 'நோ சிக்னல்' என்று வரும், இல்லாவிட்டால் படம் கிழிந்து ஓடும். படம் கறுப்பு வெள்ளையாக உருண்டால் PAL, NTSC என்ற இரண்டு வீடியோ முறைகளின் பொருத்தம் தவறியிருக்கும். மானிட்டர் மெனுவில் மாற்றிப் பாருங்கள். பார்வைக் கோணம் 120 முதல் 130 டிகிரி போதும். 170 டிகிரி என்று பெருமையாக விற்பார்கள். அதில் பின்னால் 20 அடியில் நிற்கிற பைக் எறும்பு மாதிரி தெரியும்.

கேபிள் கணக்கு: டேஷ்போர்டிலிருந்து கொக்கி வரை 4 மீட்டருக்குள்தான். ஆனால் லைனிங்குக்குள் ஏறி இறங்க 6 முதல் 7 மீட்டர் ஆகும். டிரெய்லர் பக்கம் பெட்டி, அதைக் கொக்கியோடு இணைக்கிற தண்டான டிராபார், மேலே ஏறும் உயரம் எல்லாம் சேர்ந்து அதே அளவு. ஆக இரண்டு 10 மீட்டர் கேபிள், நடுவில் ஒரு சுருள் கேபிள், அதன் இரு முனைக்கும் மூடி உள்ள சாக்கெட். மிஞ்சுகிற கேபிளை வெட்டி ஒட்டாதீர்கள். தளர்வாகச் சுற்றிக் கட்டிவிடுங்கள்.

எதையும் துளைக்கும் முன் எல்லாவற்றையும் தரையில் பரப்பி மாட்டிப் படம் வருகிறதா என்று பாருங்கள். இதைச் செய்யாமல் ஓட்டை போட்டுவிட்டு பிறகு மானிட்டர் மாற்ற ஓடுகிறவர்கள்தான் அதிகம்.

கேமராவைப் பின்பக்கம் நடுவில், சுமார் 2 மீட்டர் உயரத்தில், படத்தின் அடியோரத்தில் டிரெய்லரின் சொந்த பம்பர் ஒரு விரல்கடை தெரிகிற மாதிரி குனித்து வையுங்கள். அந்த விளிம்பு தெரிந்தால்தான் தூரம் பிடிபடும். கேபிள் நுழைய ஓட்டை போட, பிளக்கின் தடிமனை அளந்து அதைவிட 2 மி.மீ. கூடுதலாகப் போடுங்கள். ஓட்டையின் விளிம்பை அரம் போட்டுத் தேய்த்து, ரெட் ஆக்சைடு பிரைமர் தடவி, ரப்பர் குரோமெட் வையுங்கள். மேலே பூசுவதற்கு பாலியூரித்தேன் சீலன்ட் வாங்குங்கள். பூசும்போது வினிகர் வாசம் அடிக்கிற சிலிக்கான் வேண்டாம். அந்த அமிலம் தகரத்தையும் செம்பையும் அரிக்கும். கேபிள் ஓட்டைக்குள் நுழையும் முன் கீழே ஒரு தொங்கல் விட்டு மேலேற்றுங்கள், தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும்.

டிரெய்லர் அடியில் கேபிளுக்கு நெளி டியூப் போட்டு, சேஸிஸ் ஓரமாக ஒவ்வொரு அடிக்கும் ஒரு டை. லீஃப் ஸ்பிரிங் எழும்பி இறங்குகிற இடத்துக்கு ஒரு சாண் தள்ளியே போக வேண்டும்.

மானிட்டருக்கு மூன்று வயர். சிவப்பு, சாவி போட்டால் மட்டும் கரண்ட் வருகிற வயருக்கு, தொட்ட இடத்திலேயே 2 ஆம்பியர் ஃபியூஸ் வைத்து. கறுப்பு, பெயிண்ட் சுரண்டிய பாடி போல்ட்டுக்கு. ரிவர்ஸ் போட்டதும் பின்கேமராப் படத்தைத் தானே கொண்டுவருகிற டிரிகர் வயர், ரிவர்ஸ் லைட்டுக்கு. சிவப்பையும் ரிவர்ஸ் லைட்டிலேயே கொடுத்துவிட்டால் பின்னால் எடுக்கும்போது மட்டும்தான் படம். நாற்கரச் சாலையில் பின்னால் வருகிற லாரியைப் பார்க்க முடியாது. டிரெய்லர் இழுக்கிறவருக்கு அதுதான் முக்கியம்.

கடைசியாக, டிரெய்லரை மாட்டி இடது வலது இரண்டு பக்கமும் முழு மடக்கு மடக்கிப் பாருங்கள். சுருள் கேபிள் விறைக்கக் கூடாது, தரையையும் தொடக் கூடாது.

கேள்வி: டிரெய்லரில் கேமரா போட்டு ஒரு மாதம் ஆகிறது. பிரேக் மிதித்தால் படத்தில் கோடு விழுகிறது, இண்டிகேட்டர் போட்டால் துடிக்கிறது. இரண்டு கேமரா மாற்றியாகிவிட்டது.
(வாசகர், திருமங்கலம்)

பதில்: மூன்றாவது கேமரா வாங்காதீர்கள். கெட்டது எர்த்.

டிரெய்லர் விளக்குகளுக்குப் போன கரண்ட் திரும்பி வர வெள்ளை எர்த் வயர் இருக்கிறது. அது பிளக்கில் பச்சை பூத்தோ போல்ட்டில் துருப்பிடித்தோ போயிருந்தால், கரண்ட் வேறு வழி தேடும். கொக்கிப் பந்து வழியாக வரலாம், ஆனால் அங்கே கிரீஸ் பூசியிருக்கிறோம். மிச்சம் இருப்பது உங்கள் கேமரா. அதன் உலோக உடம்பு டிரெய்லர் தகரத்தில் தொட்டுக்கொண்டிருக்கிறது, அதன் எர்த் மானிட்டர் வரைக்கும் போகிறது. பழைய 21 வாட் பல்பு இரண்டு எரிந்தால் மூன்றரை ஆம்பியர். தலைமுடி மாதிரி இருக்கிற ஷீல்டு கம்பி அதைச் சுமக்க நினைத்தால் படம் துடிக்காமல் என்ன செய்யும்? நாளானால் கேபிளே சூடாகி உருகும்.

சோதிக்க மல்டிமீட்டர் போதும். வீடியோ பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டு, விளக்கு எல்லாவற்றையும் எரியவிடுங்கள். மீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து ஒரு முனை டிரெய்லர் சேஸிஸில், நீளமான வயர் போட்டு மறுமுனை பேட்டரி நெகட்டிவில். 0.2 வோல்ட் வரை காட்டினால் நல்லது. அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் போய்விட்டது. பிளக்கின் பின்களை எமரித் தாளால் தேய்த்து, எர்த்துக்கு மட்டும் 2.5 சதுர மி.மீ. செம்பு வயர் புதிதாக இழுங்கள். டிரெய்லர் பக்கப் போல்ட்டின் அடியில் பெயிண்டைச் சுரண்டி, பல் வாஷர் வைத்து முறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். அதோடு கேமரா பிராக்கெட்டுக்கு அடியில் ரப்பர் ஷீட் துண்டும், ஸ்குரூவுக்கு நைலான் வாஷரும் போட்டு தகரத்திலிருந்து கேமராவைப் பிரித்துவிடுங்கள். இரண்டாவதை மட்டும் செய்தாலும் கோடு மறையும். ஆனால் விளக்கு மங்கும். முதல் வேலையை விட்டுவிடக் கூடாது.

கேள்வி: எங்கள் டிராக்டரில் ரிவர்ஸ் லைட்டே கிடையாது. டிரிகர் வயரை எதில் கொடுப்பது? டிப்பர் டிரெய்லர், கதவு கீழே திறக்கும்.
(விவசாயி, உசிலம்பட்டி)

பதில்: டிரிகர் வேண்டாம். சாவி கரண்டில் ஃபியூஸ், அதற்கடுத்து ஒரு டாகிள் சுவிட்ச், அதிலிருந்து மானிட்டர். சுவிட்சைப் போட்டுவிட்டால் படம் எப்போதும் வரும். ஸ்டார்ட் அடிக்கும்போது பேட்டரி வோல்டேஜ் இறங்கி மானிட்டர் அணைந்து எரியும். அது கோளாறு இல்லை. சுவிட்சை ஸ்டார்ட் ஆன பிறகு போடுங்கள்.

கேமராவைக் கதவில் வைக்காதீர்கள், முதல் லோடிலேயே நசுங்கும். அசையாத மூலைத் தூணில், மேல் விளிம்புக்கு ஒரு சாண் கீழே, இரும்புக் கூண்டு அடித்து உள்ளே வையுங்கள். வைக்கோல் ஏற்றினால் மறைக்கும்தான், அதற்கு வழியில்லை. டிப்பர் கீல் இருக்கிற இடத்தில் தொட்டி முழுக்கத் தூக்கி நிற்கும்போது எவ்வளவு கேபிள் வேண்டுமோ அவ்வளவு தொங்கல் விட்டு, இரு பக்கமும் கிளாம்ப் போடுங்கள். டிராக்டரில் மானிட்டர் வெட்டவெளியில் இருக்கும். கார் மானிட்டர் ஒரு மழை தாங்காது. தண்ணீரும் தூசியும் புகாத ஐ.பி. 69கே தர மானிட்டரும், மேலே வெயில் மறைப்பும் தேவை.

கேள்வி: வயர் இழுக்கிற தொல்லை இல்லாமல் வயர்லெஸ் கேமரா, அதிலும் போனில் பார்க்கிற மாதிரி, வாங்கலாமா?
(வாசகி, அண்ணா நகர், மதுரை)

பதில்: வயர்லெஸ் என்றாலும் கேமராவுக்குக் கரண்ட் வயரில்தான் வர வேண்டும். இல்லாவிட்டால் அடிக்கடி சார்ஜ் போட வேண்டும். படம் மட்டும்தான் காற்றில் வரும், அதுவும் இரண்டு தகரப் பெட்டிகளைத் தாண்டி. வைஃபை வழியாகப் போனில் பார்க்கும்போது படம் அரை நொடி பிந்தினால்கூட, 5 கி.மீ. வேகத்தில் ரிவர்ஸ் எடுக்கும்போது வண்டி அதற்குள் இரண்டு அடிக்கு மேல் நகர்ந்திருக்கும். சுவர் இருக்கிற இடம் படத்தில் இன்னும் வெறும் இடமாகவே தெரியும். தனி மானிட்டரோடு வருகிற டிஜிட்டல் வயர்லெஸ் பரவாயில்லை. ஏரியலை டிரெய்லரின் பின்பக்கத்தில் விட்டுவிடாமல், நீட்டிப்பு வயர் போட்டு முன் நெற்றிக்குக் கொண்டுவாருங்கள். வாடகை டிரெய்லருக்கு அது வசதி. சொந்த டிரெய்லருக்கு ஒரு நாள் மெனக்கெட்டு வயர் இழுப்பதே மேல்.

கேள்வி: கேமராவைப் பார்த்து ரிவர்ஸ் எடுத்தால் எல்லாம் எதிர்ப்பக்கம் போகிறது.
(வாசகர், மேலூர்)

பதில்: இதில் இரண்டு குழப்பம் சேர்ந்திருக்கிறது. படத்தில் வலது பக்கம் நிற்கிற ஆள் நிஜத்திலும் உங்கள் வலக்கைப் பக்கம்தான் நிற்கிறாரா என்று முதலில் ஒருவரை நிறுத்திப் பாருங்கள். இல்லை என்றால் கேமரா முன்பக்கத்துக்கான அமைப்பில் இருக்கிறது. மானிட்டர் மெனுவில் 'மிரர்' மாற்றலாம். சில கேமராக்களில் அதற்கென்றே சின்ன வளைய வயர் இருக்கும். நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கேமராவோடு வந்த விளக்கச் சீட்டைப் பார்க்காமல் வெட்டாதீர்கள்.

மற்றது டிரெய்லரின் குணம். ஸ்டியரிங்கை வலதுக்கு ஒடித்தால் டிரெய்லரின் பின்பக்கம் இடதுக்குப் போகும். கையை ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தில் பிடித்துக்கொள்ளுங்கள். டிரெய்லர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்துங்கள். கொஞ்சமாக ஒடியுங்கள், உடனே நேராக்குங்கள். பின்கேமராவில் டிராபார் மடங்குவது தெரியாது என்பதை மறக்க வேண்டாம். அதைப் பக்கக் கண்ணாடியில்தான் பார்க்க வேண்டும். படத்தையே பார்த்துக்கொண்டு எடுத்தால் டிரெய்லரின் மூலை காரின் பம்பரில் வந்து உட்காரும்.

கேள்வி: படத்தில் பச்சை, மஞ்சள், சிவப்புக் கோடுகள் வருகின்றன. நம்பலாமா?
(வாசகர், வாடிப்பட்டி)

பதில்: வேண்டாம். அவை காரின் உயரத்துக்குப் போட்டவை. 2 மீட்டர் உயரத்தில் குனிந்து பார்க்கிற கேமராவில் சிவப்புக் கோடு எங்கே விழும் என்று யாருக்கும் தெரியாது. கோட்டை அணைத்துவிட்டு, டிரெய்லருக்குப் பின்னால் 1 மீட்டரிலும் 3 மீட்டரிலும் செங்கல் வைத்து, மானிட்டரில் அந்த இடங்களில் மெல்லிய டேப் ஒட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: மதுரையில் பளிச்சென்று தெரிகிற படம், கொடைக்கானல் போனால் வெள்ளையாக மங்குகிறது. துடைத்தாலும் போகவில்லை.
(வாசகர், கே.கே. நகர், மதுரை. முதல் கேள்வி கேட்டவரின் பக்கத்து வீடு என்று எழுதியிருக்கிறார்)

பதில்: துடைத்தால் போகவில்லை என்றால் ஆவி லென்சுக்கு உள்ளே. கீழே 38 டிகிரியில் காய்ந்த கேமரா, மேலே போய்க் குளிரில் நிற்கும்போது உள்ளே இருக்கிற காற்று சுருங்கி வெளியிலிருந்து ஈரத்தை இழுக்கும். முன்பக்க ரப்பர் வளையம் போனதாலும் இருக்கலாம். ஆனால் முதலில் பிளக்கைப் பாருங்கள். மூடியில்லாத பிளக்கில் தண்ணீர் புகுந்தால், கம்பி இழைகளுக்கு நடுவே திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி ஏறி கேமரா வரை போகும். கேமராவைக் கழற்றி, அரிசி டப்பாவில் இல்லை, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் இரண்டு நாள் வையுங்கள். திரும்ப மாட்டும்போது பிளக் இணைப்பின் மேல் உள்பக்கம் பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டுச் சூடாக்குங்கள். பக்கத்து வீட்டுக்காரர் மாட்டும்போதே அவரிடமும் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: காளையை ஏற்றிப்போகிற டிரெய்லர். பின்னால் ஒன்று, உள்ளே காளையைப் பார்க்க ஒன்று என்று இரண்டு கேமரா வைக்க முடியுமா?
(வாசகர், பாலமேடு)

பதில்: முடியும். இரண்டு இன்புட் உள்ள மானிட்டர், இரண்டு கேமரா சிக்னலையும் சுமக்கிற சுருள் கேபிள் என்று கேட்டு வாங்குங்கள். உள் கேமராவுக்கு இருட்டில் தெரிகிற இன்ஃப்ராரெட் ரகம் வேண்டும். முன் தகரத்தில், கொம்பு எட்டாத உயரத்தில், கேபிள் ஒரு அங்குலம்கூட வெளியே தெரியாமல் இரும்புக் குழாய்க்குள் போகட்டும். டிரிகரைப் பின்கேமராவுக்குக் கொடுத்துவிட்டால், ஓடும்போது காளையும் ரிவர்ஸ் போட்டால் சாலையும் தானே மாறி மாறித் தெரியும்.