வார்ட்ரோப்பை லேமினேட் மேல நிறுத்தாதீங்க, தம்பி

மதுரையிலிருந்து மும்பை செம்பூருக்கு வரப்போறீங்க, வாங்கின பிளாட்ல லேமினேட் தரை, கூரை வரைக்கும் வார்ட்ரோப்பை அது மேலேயே நிறுத்தித் திருகிடலாம்னு மிஸ்திரி சொல்றார், சரியான்னு கேட்டிருக்கீங்க. நீங்க கேட்ட ஸ்கூல், டிரெயின் பாஸ் விஷயமெல்லாம் வந்தபிறகு பார்த்துக்கலாம். மிஸ்திரிக்கு மட்டும் இப்போ தலையாட்டிடாதீங்க.

லேமினேட் பலகை சிமெண்ட்டோட ஒட்டினது இல்ல. மெல்லிசான ஃபோம் ஷீட் மேல ஒண்ணோடொண்ணு கோத்துக் கிடக்கு, அவ்வளவுதான். உள்ளே இருக்கிறது அழுத்தின மரநார். ஜூன்ல மழை இறங்கினா ஈரம் குடிச்சு விரியும், மழை ஓய்ஞ்சா சுருங்கும். அதுக்காகத்தான் சுவரோரம் 8-10 மி.மீ. இடம் விட்டு, சுவரடியில ஒட்டுற பட்டியால, அதாவது ஸ்கர்ட்டிங்கால மறைக்கிறாங்க. துணிமணி அடைச்ச வார்ட்ரோப்பை ஒரு பக்கம் உட்கார வெச்சுத் திருகும் முடுக்கினா, தரை நகர வழியில்லாம நடுவுல கூடாரம் மாதிரி எழும்பும், இல்லைன்னா இணைப்பு பிரியும்.

வார்ட்ரோப் வர்ற இடத்துல பலகையை வெட்டி எடுக்கச் சொல்லுங்க. வார்ட்ரோப் பெட்டி சிமெண்ட்ல நிக்கணும், சுவரோட சேர்த்துத் திருகணும். பெட்டிக்கும் பலகைக்கும் நடுவுல அதே 10 மி.மீ. விடணும். அதை மறைக்கிற பட்டியைப் பெட்டியில மட்டும் அடிக்கணும், தரையில ஆணி படக்கூடாது. அடிப்பெட்டிக்கு ஐஎஸ் 710 முத்திரை இருக்கிற, ஈரம் தாங்குற மரைன் பிளைவுட் கேளுங்க. வெட்டின பலகையைத் தூக்கிப் போட்டுடாதீங்க, பின்னாடி அதே நிறம் கிடைக்காது. கட்டில், சோபா பத்திக் கவலை வேண்டாம், அதையெல்லாம் திருகி நிறுத்துறதில்ல.

2012ல முலுண்ட்ல சொந்த வீடு வாங்கினப்போ எங்க கான்ட்ராக்டரும் உங்க மிஸ்திரி மாதிரி லேமினேட் மேலேயே நிறுத்தலாம்னுதான் சொன்னார். எனக்குத் தெரிஞ்ச இந்தியில "அச்சா"ன்னுட்டேன். ரெண்டாவது மழைக்காலத்துல தரை எழும்பி ரூம் கதவு திறக்கலை. அவர் போனையே எடுக்கலை. மொத்த வார்ட்ரோப்பையும் கழட்டினோம். அதுக்கப்புறம்தான் பிடிவாதமா இந்தி கத்துக்கிட்டேன். இன்னைக்கு எந்த மிஸ்திரிகிட்டயும் மி.மீ. கணக்குல பேசுவேன். முப்பது வருஷம் இங்க இருந்தும் தமிழாட்கள் நிறைஞ்ச மாட்டுங்காவைத் தாண்டாம, நாலு வார்த்தை பேசிப் பழகாம, ஏமாந்தபிறகு ஊரைத் திட்டுற நம்மாட்களைப் பார்த்தா எனக்கு வருத்தமா இருக்கும். இந்த ஊர் கேட்டா சொல்லித்தரும், தம்பி.

1998ல தாதர் ஸ்டேஷன்ல ஒரு டிரங்குப் பெட்டியோட வந்து இறங்கினவ நான். தாராவியில ஒத்தை ரூம். முதல் மழைக்கு ராத்திரி தண்ணி உள்ளே வந்துச்சு. எதிர்வீட்டு மராத்தி ஆயி நாலு செங்கல்லோட ஓடி வந்து, என் பெட்டியை அதுமேல தூக்கி வெச்சாங்க. தரையைக் காட்டி "பாணி, பாணி"ன்னாங்க. நான் கத்துக்கிட்ட முதல் மராத்தி வார்த்தை அதுதான்.