அச்சகம், காகித ஆலைப் பாதுகாப்பு: கேள்விகளும் பதில்களும்

திருச்சி முதல் நாகப்பட்டினம் வரையுள்ள அச்சகங்களிலிருந்தும் காகித ஆலைகளிலிருந்தும் வந்த கேள்விகள் இவை. ஆலைப் பாதுகாப்புப் பணியில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

கும்பகோணத்தில் ஆப்செட் அச்சகம் நடத்துகிறேன். காகிதம் ஈரம் வாங்காமலிருக்க அறையை மூடி ஏசி போட்டிருக்கிறோம். ரோலரையும், மையைக் காகிதத்துக்கு மாற்றும் ரப்பர் விரிப்பான பிளாங்கெட்டையும் பெட்ரோலால் துடைக்கிறோம். மாலையானால் பையன்களுக்குத் தலைவலி வருகிறது. முகக்கவசம் வாங்கிக் கொடுத்தால் போதுமா?

போதாது. சாதாரண முகக்கவசம் தூசியை ஓரளவு தடுக்கும். பெட்ரோல் ஆவி அதன் வழியே நேராக உள்ளே போகும். சுவரில் மாட்டும் ஏசி அறைக்காற்றையே குளிர்வித்துத் திரும்ப அனுப்புகிறது. காலையில் துடைத்த ஆவியைத்தான் உங்கள் பையன்கள் மாலைவரை சுவாசிக்கிறார்கள்.

ஜப்பானின் ஒசாகாவில் நடந்ததை ஒவ்வோர் அச்சக உரிமையாளரும் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே ஓர் ஆப்செட் அச்சகத்தில் வேலை பார்த்த இளைஞர்கள் பலருக்குப் பித்தநாளப் புற்றுநோய் வந்தது 2012இல் வெளியே தெரிந்தது. அது பொதுவாக முதியவர்களுக்கு, அதுவும் அரிதாக வரும் நோய். பிளாங்கெட் துடைக்க அவர்கள் பயன்படுத்திய திரவத்தில் 1,2-டைகுளோரோபுரோப்பேன் இருந்தது. வெளியேற்றப்பட்ட காற்றில் கணிசமான பகுதி அறைக்கே திரும்பிக்கொண்டிருந்தது. 2014இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை அந்த இரசாயனத்தை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. உங்களிடம் இருப்பது வேறு திரவம்தான். ஆனால் பெட்ரோலில் பென்சீன் இருக்கிறது. அது இரத்தப் புற்றுநோய் தரும். அறையின் அமைப்போ ஏறக்குறைய அதேதான்.

முதலில் பெட்ரோலை நிறுத்துங்கள். தீப்பற்றும் வெப்பநிலை 60 டிகிரிக்கு மேலுள்ள ரோலர் வாஷ் கடையில் கிடைக்கிறது. காய்வதற்குச் சற்று நேரம் கூடும், விலையும் கூடும், இரண்டையும் ஏற்றுக்கொள்ளுங்கள். ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால், காற்று வெளியேற்றும் விசிறியைத் தரையையொட்டி வையுங்கள். தீப்பொறி எழாத வகையாகப் பார்த்து வாங்குங்கள். எதிர்ச்சுவரில் வெளிக்காற்று வர வழி விடுங்கள். துடைத்த பனியன் வேஸ்டை மூலையில் குவிக்காமல், மூடியுள்ள இரும்புத் தொட்டியில் போட்டு அன்றன்றே வெளியேற்றுங்கள். மையிலுள்ள எண்ணெய் காயும்போது வெப்பம் உண்டாகும். குவியலுக்குள் அந்த வெப்பம் தங்கினால் யாரும் தீக்குச்சி கிழிக்காமலே நெருப்புப் பிடிக்கும்.

தஞ்சாவூரில் கட்டிங் மெஷின் ஓட்டுகிறேன், ஐயா. முகூர்த்த மாதத்தில் பத்திரிகை வேலை குவிகிறது. இரண்டு பொத்தானையும் சேர்த்து அழுத்தினால் நேரமாகிறது என்று முதலாளி ஒன்றை ஒயரால் கட்டிவிட்டார்.

தம்பி, அந்த ஒயரை அவிழ்க்கும் வரை அந்த மெஷினில் நிற்காதீர்கள். கத்தி இறங்கும் நேரத்தில் இரண்டு கையும் வெளியே இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இரண்டு பொத்தான் வைத்திருக்கிறார்கள். ஒரு கை விடுபட்டால், கோணிய காகிதத்தைச் சரிசெய்ய அது தானாகவே உள்ளே போகும். உங்கள் முதலாளி இதைப் படித்தால் அவருக்கும் சொல்கிறேன்: ஒரு நாளில் நீங்கள் மிச்சப்படுத்தும் சில நிமிடங்களுக்கு ஈடாக அந்தப் பையனின் விரல்களை வைத்திருக்கிறீர்கள். கத்தியைக் கழற்றி மாட்டும்போது மெயினை அணைத்துப் பூட்டுங்கள்; சாணைக்கு மர உறையில் போட்டே அனுப்புங்கள்.

திருச்சிப் பக்கம் பழைய காகிதத்தை அரைத்துக் கூழாக்கும் ஆலையில் ஒப்பந்தக் கூலி. மூன்று நாள் ஓடாமல் நின்ற தொட்டிக்குள் இறங்கிக் கழுவச் சொல்கிறார்கள். நாற்றம் அடித்தால் ஏறிவிடு என்கிறார் மேஸ்திரி.

இறங்காதீர்கள். தேங்கிய கூழ் அழுகினால் ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு உண்டாகும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் வரும். அளவு கூடினால் மூக்கு மரத்து, நாற்றம் போய்விட்டது என்றே தோன்றும். மேஸ்திரியின் அறிவுரை இந்த இடத்தில்தான் ஆளைக் கொல்கிறது. அடிச்சேற்றைக் காலால் கிளறியவுடன் அடைந்திருந்த வாயு மொத்தமாக மேலெழும்.

உள்ளே போக வேண்டிய கட்டாயம் இருந்தால், கலக்கி மோட்டாரின் மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டி, சாவி இறங்குபவரிடமே இருக்க வேண்டும். புதுக்காற்றை ஊதுகுழாயால் அடிவரை செலுத்த வேண்டும். வாயு அளக்கும் கருவியைக் கயிற்றில் கட்டி மேலே, நடுவே, அடியில் என்று பார்க்க வேண்டும், ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறைந்தால் அனுமதி இல்லை. உள்ளே இருக்கும் நேரம் முழுவதும் கருவி உடலிலேயே இருக்கட்டும். இடுப்புக் கயிறும், அதைத் தூக்க மேலே மூன்று கால் தாங்கியும், இடம்விட்டு நகராத ஓர் ஆளும் வேண்டும். கைவிளக்கு 24 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. தகுதியுள்ளவரின் எழுத்துச் சான்றோ, சுவாசக் கருவியும் கயிறு கட்டிய இடுப்புப் பட்டையுமோ இல்லாமல் இத்தகைய தொட்டிக்குள் ஆளை இறக்கக் கூடாது என்பதைத் தொழிற்சாலைகள் சட்டம் 1948லேயே எழுதிவைத்தது. இதில் எதுவும் புதிதல்ல என்பதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

இன்னொன்று. உள்ளே ஒருவர் விழுந்தால் அண்ணனோ மச்சானோ குதித்துவிடுவார். குதித்தவரும் பிழைப்பதில்லை. கயிற்றால் மேலிருந்தே இழுங்கள். சுவாசக் கருவி அணிந்தவர் மட்டுமே இறங்கலாம்.

மயிலாடுதுறை அச்சகத்தில் வேலை செய்கிறேன். மை போக மண்ணெண்ணெயில் கை கழுவி, தோல் வெடித்துவிட்டது.

மண்ணெண்ணெய் தோலின் எண்ணெய்ப் பசையையே உரித்துவிடுகிறது, அம்மா. சமையல் எண்ணெய் தடவி மையைத் துடைத்துவிட்டு சோப்புப் போடுங்கள். வேலையின்போது நைட்ரைல் கையுறை அணியலாம், சுழலும் ரோலர் அருகே மட்டும் கூடாது. கையுறையோடு கையையும் இழுத்துவிடும். தோல் மருத்துவரிடம் உங்கள் தொழில் என்னவென்று மறக்காமல் சொல்லுங்கள்.

திருவாரூரில் பிளேட் கழுவும் தண்ணீரை வாய்க்காலில் விடுகிறோம். கொஞ்சம்தானே, பரவாயில்லையா?

அந்தத் தண்ணீரில் கலந்திருக்கும் டெவலப்பர், அதாவது பிளேட்டில் உருவத்தை வெளிக்கொணரும் திரவம், கடுங்காரம். மேட்டூர் திறந்து முறைவைத்துக் கடைமடைக்கு வரும் தண்ணீரில் அதை ஊற்ற உங்களுக்கு மனம் வரக் கூடாது. கேனில் சேர்த்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்ற நிறுவனத்திடம் ஒப்படையுங்கள், மைக்கழிவும் அப்படித்தான். 2016 விதிகளின்படி அபாயக் கழிவைப் பொதுவாக 90 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. காலி இரசாயன டிரம்களைத் தண்ணீர் பிடிக்க யாருக்கும் விற்காதீர்கள்.

மடிப்பு மெஷின் சத்தம் காதுக்குக் கெடுதலா?

கைநீட்டும் தூரத்தில் இருப்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால், ஆம். பேரிங்கைப் பார்த்துச் சரிசெய்யுங்கள், காதடைப்பான் கொடுங்கள், பஞ்சு பயன்படாது.

நாகப்பட்டினத்தில் 2018 கஜா புயலில் காகிதமும் மெஷினும் நனைந்தன. மழைக்காலத்துக்கு முன் என்ன செய்யலாம்?

ஐப்பசிக்கு முன்பே இரசாயனக் கேன்களைப் பழைய வெள்ளக்கோட்டுக்கு மேல் ஏற்றிவிடுங்கள். தண்ணீர் வடிந்தபின் எலக்ட்ரீசியன் சோதிக்காமல் சுவிட்சைத் தொடாதீர்கள். மழைக்குப் பயந்து ஜெனரேட்டரை உள்ளே இழுத்துவந்து ஓட்டாதீர்கள். அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. வெளியே தகரக் கூரை போட்டு, புகைக்குழாய் ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் பார்த்திருக்கும்படி வையுங்கள்.