உங்கள் எம்.ஃபில்.லுக்கு டெக்சஸ் சொல்லும் பதிலும் கலிபோர்னியா சொல்லும் பதிலும்

அக்கா என்று அழைத்து நீளமாக எழுதியிருக்கிறீர்கள். அந்த உரிமையில் கொஞ்சம் கறாராகவே பதில் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம்.

உங்கள் நிலைமையை நான் புரிந்துகொண்டது இப்படி. கோவையில் எம்.ஏ. உளவியல். பிறகு சென்னையில் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் (ஆர்.சி.ஐ.) அங்கீகாரம் பெற்ற இரண்டு ஆண்டு எம்.ஃபில். கிளினிக்கல் சைக்காலஜி. ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் நான்கு ஆண்டு வேலை. பெரும்பாலும் கற்றல் குறைபாடு, ஆட்டிசம், நுண்ணறிவுத் தேர்வுகள். கணவரின் எச்-1பி வேலை விசாவைத் தொட்டு, எச்-4 என்ற துணைவர் விசாவில் டாலஸ் பக்கம் வந்து இறங்கியிருக்கிறீர்கள். அடுத்த ஆண்டு அவருக்குக் கலிபோர்னியாவுக்கு மாற்றல் வரலாம். அமெரிக்காவில் சைக்காலஜிஸ்ட் ஆக என்ன செய்ய வேண்டும், முதலிலிருந்து படிக்க வேண்டுமா, அதுவரை இங்குள்ள தமிழ்க் குடும்பங்களுக்கு இணையவழியில் இலவசமாக ஆலோசனை சொல்லலாமா என்று கேட்கிறீர்கள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: கூடாது. உங்கள் வாட்ஸ்அப் முகப்பில் 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' என்று போட்டிருக்கிறீர்களே, அதை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். டெக்சஸ் சட்டப்படி, 'சைக்காலஜிஸ்ட்' என்ற சொல் வரும் பட்டத்தோடு பொதுமக்களிடம் தன்னை அறிமுகம் செய்துகொள்வதே அந்தத் தொழிலைச் செய்வதாகக் கணக்கு. காசு வாங்கினீர்களா என்பது பிறகு வரும் விஷயம். பின்னாளில் எந்த மாநிலத்தில் உரிமம் கேட்டாலும், இதற்கு முன் உரிமம் இல்லாமல் தொழில் செய்ததுண்டா என்ற வகைக் கேள்விகள் படிவத்தில் வரும். நல்ல மனதோடு செய்த காரியத்துக்கு அங்கே விளக்கக் கடிதம் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். தமிழ்ச் சங்கத்தில் பெற்றோருக்குக் குழந்தை வளர்ப்பு பற்றிப் பொதுவாகப் பேசுங்கள், யாரும் கேட்கமாட்டார்கள். ஒரு குறிப்பிட்ட பிள்ளையை மதிப்பிட்டு, அதன் தாயிடம் இன்ன குறைபாடு என்று சொல்வதுதான் எல்லை தாண்டுவது. இன்னொன்றும் உண்டு. இணையவழியில் பேசும்போது நீங்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பதைவிட, எதிரில் இருப்பவர் எந்த மாநிலத்தில் இருக்கிறார் என்பதுதான் முக்கியம். நியூ ஜெர்சியில் இருப்பவரிடம் பேசினால் நியூ ஜெர்சியின் சட்டம் உங்களைப் பார்க்கும்.

இனி பெரிய கேள்வி. 'அமெரிக்காவில்' சைக்காலஜிஸ்ட் ஆவது என்று ஒன்று கிடையாது. டெக்சஸில் ஆகலாம், ஓஹையோவில் ஆகலாம். உங்கள் ஆர்.சி.ஐ. பதிவு எண் மத்திய அரசின் பதிவேட்டில் இருப்பது. அதை வைத்துக் கோவையிலும் வேலை செய்யலாம், கொல்கத்தாவிலும் செய்யலாம். இங்கே அப்படி ஒரு மையப் பதிவேடே இல்லை. மாநில சுயாட்சி பற்றி மேடைப்பேச்சு கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அது நடைமுறையில் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் இந்த நாட்டில் தொழில் உரிமம் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். மருத்துவர்களுக்கு உரிமம் வழங்கும் அதிகாரம் மாநிலத்துக்கு உண்டு என்று 1889-இல் மேற்கு வர்ஜீனியா வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உளவியலாளர்களுக்கான முதல் மாநிலச் சட்டம் 1945-இல் கனெக்டிகட்டில் வந்தது. கடைசியாக 1977-இல் மிசௌரி. ஐம்பது மாநிலங்களும் ஒவ்வொன்றாக, தத்தமக்குத் தோன்றியபடி எழுதிய விதிகள். அவை ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்று புலம்புவதில் பயனில்லை.

பொதுவாக எங்கும் இருப்பவற்றைச் சொல்கிறேன். தனியாகத் தொழில் செய்யும் உளவியலாளர் ஆக முனைவர் பட்டம் வேண்டும்: பிஎச்.டி. அல்லது சை.டி. (ஆய்வைவிடத் தொழிற்பயிற்சிக்கு முதலிடம் தரும் முனைவர் பட்டம்). அதன்பின் இ.பி.பி.பி. என்ற தேர்வு. 225 கொள்குறி வினாக்கள், நான்கேகால் மணிநேரம். 200 முதல் 800 வரையிலான அளவுகோலில் 500 எடுத்தால் தேர்ச்சி. கட்டணம் 600 டாலர், தேர்வு மையத்துக்குத் தனியாகக் கட்ட வேண்டும். இந்தத் தேர்வு மட்டும்தான் நாடு முழுவதும் ஒன்று. மேற்பார்வையில் வேலை செய்த மணிநேரம் என்று வரும்போது மறுபடி பிரிந்துவிடுகிறார்கள். டெக்சஸில் 3,500 மணிநேரம்; அதில் 1,750 மணிநேரமாவது முறையான இன்டர்ன்ஷிப்பாக இருக்க வேண்டும். கலிபோர்னியாவில் 3,000, அதில் 1,500 பட்டம் வாங்கிய பிறகு செய்ததாக இருக்க வேண்டும். டெக்சஸில் அந்த மாநிலச் சட்டம் பற்றித் தனித்தேர்வு. கலிபோர்னியாவிலும் சட்டமும் தொழில்நெறியும் பற்றி ஒரு தேர்வு. அத்தோடு குழந்தைவதை, இணையர் வன்முறை, முதுமை, போதைப் பழக்கம், பாலியல், தற்கொலை அபாய மதிப்பீடு என்று தனித்தனிப் பாடங்களுக்குச் சான்று கேட்பார்கள். எனக்குத் தெரிந்த சேலத்துப் பெண் ஒருவர் இங்கே உரிமத்தோடு பல ஆண்டு வேலை செய்துவிட்டு கலிபோர்னியாவின் சான் ஹோசேக்குப் போனார். போன பிறகும் மாலை நேரங்களில் அந்தப் பாடங்களை உட்கார்ந்து முடித்தார். நியூயார்க்கில் இதையெல்லாம் கவனிப்பது மாநிலக் கல்வித் துறை. அங்கே போய் சைக்காலஜி போர்டின் தனி அலுவலகத்தைத் தேடினால் முதல் நாளே குழம்பிப்போவீர்கள்.

உங்கள் எம்.ஃபில். இதில் எங்கே பொருந்துகிறது? முனைவர் பட்டத்துக்கு இணையாக அதை உரிமம் தரும் எந்த மாநில போர்டும் ஏற்காது. உங்கள் பயிற்சி மட்டமானது என்பதால் அல்ல. பெங்களூரின் மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் போன்ற இடங்களில் எம்.ஃபில். மாணவர்கள் இரண்டு ஆண்டில் பார்க்கும் நோயாளிகளின் எண்ணிக்கையைக் கேட்டால் இங்குள்ள பேராசிரியர்களே வாயைப் பிளப்பார்கள். ஆனால் விதி பார்ப்பது பட்டத்தின் பெயரையும் பாட நேரத்தையும்தான். இந்த அநியாயத்தை எதிர்த்து மூன்று ஆண்டு கடிதம் எழுதிக்கொண்டிருந்தவர்களை எனக்குத் தெரியும். அந்த மூன்று ஆண்டில் பட்டப்படிப்பில் பாதியை முடித்திருக்கலாம்.

முதுகலைப் பட்டத்தோடு உள்ளே விடும் மாநிலங்களும் சில உண்டு. வெர்மான்ட்டிலும் மேற்கு வர்ஜீனியாவிலும் முதுகலை நிலையிலேயே உளவியலாளர் உரிமம் தருகிறார்கள். டெக்சஸில் எல்.பி.ஏ. என்ற 'சைக்காலஜிக்கல் அசோசியேட்' உரிமம் இருக்கிறது. பட்ட மேற்படிப்பில் 60 கிரெடிட், மேற்பார்வைப் பயிற்சி, அதே இ.பி.பி.பி. தேர்வு. போதிய மணிநேரம் உளவியலாளரின் மேற்பார்வையில் முடித்தபின் தனியாகவும் தொழில் செய்யலாம். இதைப் படித்ததும் உங்கள் முகம் மலர்ந்திருக்கும். கொஞ்சம் பொறுங்கள்: கலிபோர்னியாவில் இந்த உரிமமே கிடையாது. அங்கேயும் 'சைக்காலஜிக்கல் அசோசியேட்' என்று ஒரு பதிவு உண்டு, பெயர் ஒன்றாக இருப்பதால் ஏமாற வேண்டாம். அது முழுக்க முழுக்க மேற்பார்வையில் வேலை செய்பவர்களுக்கானது. டெக்சஸில் தனி அறை போட்டு உட்கார்ந்தவர் அங்கே போனால் மறுபடி ஒருவருக்குக் கீழேதான். ஆகவே கணவரின் மாற்றல் உறுதியாகும் வரை எல்.பி.ஏ.வில் கை வைக்காதீர்கள்.

முனைவர் பட்டத்தையே படித்துவிடலாமா? நான் அந்த வழியில்தான் வந்தேன். மாணவியாக எஃப்-1-ல் வந்ததால் எனக்கு எளிதாக இருந்த ஒன்று உங்களுக்கு இடிக்கும். நல்ல பிஎச்.டி. படிப்புகளில் கல்விக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, உதவியாளர் வேலை கொடுத்து மாதப்பணமும் தருவார்கள். எச்-4-ல் படிக்கலாம், ஆனால் வேலை அனுமதி இல்லாமல் அந்த உதவியாளர் பணத்தை வாங்க முடியாது. கணவருக்காக அவருடைய நிறுவனம் கிரீன் கார்டுக்குப் போட்ட ஐ-140 மனு அங்கீகாரமாகியிருந்தால், 2015 முதல் இருக்கும் விதிப்படி நீங்கள் வேலை அனுமதி கேட்கலாம். இல்லையென்றால் எஃப்-1-க்கு மாறுவது பற்றிக் குடியேற்ற வழக்கறிஞரிடம் பேசுங்கள். சம்பளமில்லாத பயிற்சிதானே என்று எதையும் தொடங்குவதற்கு முன்னும் அவரிடம் கேளுங்கள். உரிமம் கொடுப்பது மாநிலம், வேலை செய்ய விடுவது மத்திய அரசு; ஒன்று மற்றொன்றுக்காகக் காத்திருக்காது. இன்டர்ன்ஷிப்பிலும் ஒரு சிக்கல். இந்த நாட்டில் உளவியலாளர்களுக்கு மிக அதிகமாகப் பயிற்சி கொடுப்பது முன்னாள் படைவீரர் மருத்துவமனைகள். அங்கே பயிற்சி பெற அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். அந்தக் கதவு நமக்கு ஆரம்பத்திலேயே மூடியிருக்கிறது. படிப்பதானால் ஏ.பி.ஏ. என்ற அமெரிக்க உளவியல் சங்கத்தின் அங்கீகாரம் உள்ள படிப்பில் மட்டும் படியுங்கள். அது இல்லாத சை.டி. படிப்புகள் சில பெரும் கட்டணத்தோடு கண்ணில் படும். அழகான விளம்பரம், மாலை நேர வகுப்பு, உடனே சேர்க்கை. அந்தப் பக்கமே போகாதீர்கள்.

ஆலோசகர் (கவுன்சலர்) உரிமம் வாங்கும் வழியும் இருக்கிறது. டெக்சஸில் எல்.பி.சி., கலிபோர்னியாவில் எல்.பி.சி.சி., நியூயார்க்கில் எல்.எம்.எச்.சி. பெயர்தான் வேறு, எல்லாம் முதுகலை நிலை, 60 கிரெடிட். டெக்சஸில் பட்டத்துக்குப் பின் 3,000 மணிநேரம் மேற்பார்வையில் செய்ய வேண்டும், அதில் 1,500 நேரடியாக ஆட்களைப் பார்த்தது. பேச்சுவழிச் சிகிச்சைதான் உங்கள் விருப்பம் என்றால் இது நேர்வழி. ஆனால் உங்கள் கடிதத்தில் சிகிச்சை பற்றி இரண்டே வரிகள். மீதியெல்லாம் பிள்ளைகளைப் பரிசோதித்த கதை, பள்ளிக்கூடத்தோடு சண்டை போட்டு ஒரு பையனுக்குத் தேர்வில் கூடுதல் நேரம் வாங்கிக் கொடுத்த கதை.

அதனால்தான், நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன்: பள்ளி உளவியலைப் பாருங்கள். இங்கே அது தனித் தொழில். 'ஸ்பெஷலிஸ்ட்' நிலைப் பட்டம், 60 கிரெடிட், கடைசியில் 1,200 மணிநேர இன்டர்ன்ஷிப், அதில் பாதியாவது பள்ளிக்கூடத்தில். முனைவர் பட்டம் தேவையில்லை. நீங்கள் பினே-காமத், மாலின் என்ற நம் ஊர் நுண்ணறிவுத் தேர்வுகளை வைத்துச் செய்த வேலையைத்தான் இங்கே விஸ்க்-5 என்ற தேர்வை வைத்துச் செய்கிறார்கள். பெட்டி வேறு, பிள்ளை முன்னால் உட்கார்ந்து பார்க்கும் கண் ஒன்றுதான். ஐந்நூறு மாணவருக்கு ஒரு பள்ளி உளவியலாளர் வேண்டும் என்று அவர்களுடைய தேசிய சங்கம் பரிந்துரைக்கிறது. பெரும்பாலான மாவட்டங்கள் அதன் பக்கத்தில்கூட இல்லை, ஆகவே ஆள் தேடிக்கொண்டே இருக்கிறார்கள். அந்தச் சங்கம் தரும் தேசியச் சான்றிதழை முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் மதிக்கின்றன. டெக்சஸில் இந்த உரிமத்தைத் தருவது உளவியலாளர்களுக்கு உரிமம் தரும் அதே கவுன்சில். கலிபோர்னியாவில் ஆசிரியர்களுக்குச் சான்றளிக்கும் ஆணையம் தருகிறது. அங்கே மாறிப் போனாலும் படித்த பட்டம் வீணாகாது, விண்ணப்பமும் சில தேவைகளும்தான் மாறும். இதை இரண்டாம்தர வேலை என்று சொல்லும் சொந்தக்காரர்கள் இருப்பார்கள். அவர்கள் உங்கள் கல்விக் கட்டணத்தைக் கட்டப்போவதில்லை.

சைப்பேக்ட் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஒரு மாநிலத்தில் உரிமம் பெற்றவர் மற்ற உறுப்பு மாநிலங்களில் இருப்பவர்களையும் இணையவழியில் பார்க்கலாம், நேரில் ஆண்டுக்கு 30 நாள் வரை வேலை செய்யலாம் என்பது அந்த ஒப்பந்தம். 2020-இல் நடைமுறைக்கு வந்து இன்று நாற்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களும் ஆட்சிப்பகுதிகளும் சேர்ந்துள்ளன. டெக்சஸ் உண்டு; நம்மவர்கள் குவிந்திருக்கும் கலிபோர்னியாவும் நியூயார்க்கும் இல்லை. முனைவர் பட்டம் உள்ளவர்களுக்கு மட்டும்தான் அது. இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

எந்த வழியில் போனாலும் ஒரு வேலையை இப்போதே தொடங்கலாம். உங்கள் பட்டங்களைப் பாடவாரியாக மதிப்பிட்டு வாங்க வேண்டும். நேசஸ் என்ற, வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் நிறுவனங்களின் கூட்டமைப்பில் உறுப்பு நிறுவனம் எதுவோ அதனிடம்தான் போக வேண்டும். எந்த நிறுவனம் என்பதைச் சேரப்போகும் பல்கலைக்கழகத்திடமோ போர்டிடமோ கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். மதிப்பீடு என்பது அந்த நிறுவனத்தின் கருத்து மட்டுமே, முடிவு போர்டின் கையில். அவர்களுக்கு மதிப்பெண் பட்டியல் மட்டும் போதாது. எம்.ஃபில்.லின் முழுப் பாடத்திட்டம், ஒவ்வொரு தாளுக்கும் எத்தனை மணிநேரம் வகுப்பு, எத்தனை மணிநேரம் களப்பயிற்சி என்று பல்கலைக்கழகப் பதிவாளரின் கையொப்பம், முத்திரையோடு வேண்டும். பங்குனியில் தம்பி கல்யாணத்துக்கு ஊருக்குப் போவதாகச் சொன்னீர்களே, கல்யாண வேலைக்கு முன்னால் இதை முடியுங்கள். உங்கள் மேற்பார்வையாளரிடம், அவர் வேறு ஊருக்கு மாறிப் போவதற்குள், எத்தனை மாதம், வாரத்துக்கு எத்தனை மணிநேரம், என்னென்ன சோதனைகள் என்று மருத்துவமனையின் லெட்டர்ஹெட்டில் கடிதம் வாங்குங்கள். நல்லவர், திறமைசாலி என்ற புகழ்ச்சி வேண்டாம், எண்கள்தான் வேண்டும். டிரான்ஸ்கிரிப்ட்டை ஒன்றுக்கு மூன்றாக வாங்குங்கள். பதிவாளர் ஒட்டி முத்திரை வைத்துத் தரும் உறையை வீட்டில் ஆசையாகப் பிரித்துப் பார்த்துவிட வேண்டாம், பிரித்த உறையைப் பலரும் ஏற்பதில்லை. கணவரின் ஐ-140 நிலவரம் தெரிந்ததும் எனக்கு எழுதுங்கள், பள்ளி உளவியல் படிப்புகளில் எதற்கு விண்ணப்பிப்பது என்று உட்கார்ந்து பார்க்கலாம்.