மீனாட்சியா, மீனலா, மீனாவா?

அன்புள்ள ஐயா,

செம்பூரில் வசிக்கிறோம். ஐந்து மாதப் பேத்திக்கு என் மாமியாரின் பெயரை வைப்பது என்று முடிவாகிவிட்டது. அவர் பெயர் மீனாட்சி. அதை அப்படியே வைக்கச் சொல்கிறார் என் கணவர். மகன் ‘மீனல்’ என்கிறான்; அது மராட்டிப் பெயர் என்று இவர் சீறுகிறார். மகளோ ‘மீனா’ போதும் என்கிறாள். உங்கள் கருத்து என்ன?

ஒரு வாசகி, மும்பை

அன்புள்ள வாசகிக்கு,

என் ஓட்டு, உங்கள் வீட்டில் யாரும் சொல்லாத மீனாளுக்கு.

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் அது பரம்பரையாகப் புழங்கும் பெயர். பாட்டி பெயரைப் பேத்திக்கு வைக்கும் வழக்கம் உள்ளவர்கள் என்பதால், ஒரே வீட்டில் பெரிய மீனாளும் சின்ன மீனாளும் இருப்பார்கள். மகனின் மீனலுக்கும் இதற்கும் ஓசையில் அதிகத் தூரமில்லை, அவனும் சமாதானமாவான். மும்பையில் யாருக்கும் ளகரம் வராது என்று சொன்னால் நம்பாதீர்கள். மராட்டியில் ‘ள’ உண்டு. திலகரை அவர்கள் ‘டிளக்’ என்றுதான் சொல்கிறார்கள், லோணாவளாவும் அப்படியே. ளகரத்தைத் தொலைப்பது ஆங்கில எழுத்து, அக்கம்பக்கத்தார் அல்லர்.

மீனா நல்ல பெயர்தான். ஆனால் மீனாட்சி என்று வைத்தாலும் மீனாள் என்று வைத்தாலும் அது தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். வடக்கே போனால் வேறொரு சிக்கலும் உண்டு: ராஜஸ்தானில் மீனா ஒரு பழங்குடியின் பெயர். அவர்கள் பலர் அதைக் குடும்பப் பெயராகவே போட்டுக்கொள்கிறார்கள்.

உங்கள் கணவரின் கட்சி வலுவானது, மறுக்கவில்லை. உ.வே.சா.வின் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை போல ஆண்களே சுமந்த பெயர் அது. பள்ளியில் ‘மீனாக்ஷி’ ஆவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நீளம்தான் என்னைத் தயங்க வைக்கிறது. 2024 மே 1 அன்றும் அதன் பிறகும் பிறந்த குழந்தைகளுக்கு, மகாராஷ்டிர அரசு ஆவணங்களில் சொந்தப் பெயர், தாய் பெயர், தந்தை பெயர், குடும்பப் பெயர் என்று நான்கும் வரிசையாக வர வேண்டும்.

அந்த வரிசையில் பேத்தியின் பெயருக்கு அடுத்து நிற்கப்போவது உங்கள் மருமகளின் பெயர். அவர் என்ன நினைக்கிறார் என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லையே? பிறப்பைப் பெயரில்லாமல் பதிந்திருந்தால், 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். அவரைக் கேட்க நேரம் இருக்கிறது.