எல்லா இளைஞரும் ‘யூத்’ ஆவாரா? – வாசகர் கேள்வி பதில்

பிறந்த குழந்தை முதல் வளர்ந்த ஆள் வரையுள்ள பருவங்களை ஆங்கிலத்தில் எப்படிக் குறிப்பது என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் சேர்த்தே பதில் தருகிறோம்.

கேள்வி: ஒரு நாளிதழில் தமிழ்ச் செய்திகளை ஆங்கிலத்தில் பெயர்த்து எழுதும் வேலை பார்க்கிறேன். ‘விபத்தில் 35 வயது இளைஞர் பலி’ என்ற செய்தியில் ‘யூத்’ என்று எழுதியிருந்தேன். ஆசிரியர் அதை நீக்கிவிட்டு ‘மேன்’ என்று திருத்தினார். இளைஞருக்கு ‘யூத்’ பொருந்தாதா?
– வாசகர், திருச்சி

பதில்: உங்கள் ஆசிரியர் செய்த திருத்தம் சரியானது. தமிழில் ‘இளைஞர்’ என்பதை வயதை மட்டும் பார்த்துச் சொல்வதில்லை. மணமாகாதவர், ஓடியாடி உழைப்பவர், கட்சியின் இளைஞர் அணியில் பொறுப்பில் இருப்பவர் என்று நாற்பதை நெருங்குபவரையும் நாம் தயக்கமின்றி இளைஞர் என்கிறோம். ஆங்கிலத்தில் ஒரு தனி ஆளை ‘எ யூத்’ என்று எழுதினால், படிப்பவர் மனத்தில் பதினாறு, பதினெட்டு வயதுப் பையன் ஒருவனே வந்து நிற்பான். 35 வயதுக்காரரை அச்சொல்லால் குறிக்கும்போது அந்த வாக்கியமே முரண்பட்டுப் போகிறது.

இச்சொல்லுக்கு மூன்று பயன்பாடுகள் உண்டு என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் பெரும்பாலான குழப்பம் தீரும். ‘இன் ஹிஸ் யூத்’ என்னும்போது அது இளமைப் பருவத்தைக் குறிக்கிறது; அங்கே பன்மை கிடையாது. ‘தி யூத் ஆஃப் இந்தியா’ என்னும்போது ஆண், பெண் இருபாலாரையும் சேர்த்து இளைய தலைமுறை முழுவதையும் குறிக்கிறது. ‘எ யூத்’, ‘டூ யூத்ஸ்’ என்று எண்ணிச் சொல்லும்போதுதான் தனி ஆளைக் குறிக்கிறது; அவ்வாறு சொல்லும்போது அது பெரும்பாலும் ஆணையே சுட்டும். இளம்பெண் ஒருவரை ‘எ யூத்’ என்று எழுதுவது வழக்கத்தில் இல்லை. ‘எ யங் உமன்’ என்பதே இயல்பானது.

இதைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. பிரிட்டிஷ் செய்தித்தாள்களில் ‘யூத்ஸ்’ என்ற பன்மை தகராறு, திருட்டு, கைது பற்றிய செய்திகளில் அடிக்கடி வந்து வந்து, அச்சொல்லின் மேல் ஒரு சந்தேக நிழல் படிந்துவிட்டது. விபத்தில் உயிரிழந்த ஒருவரைக் குறிக்கும்போது அந்த நிழல் அவர்மேல் விழ நாம் இடம் தரக் கூடாது. ‘எ தர்ட்டி ஃபைவ் இயர் ஓல்ட் மேன்’ என்று வயதையே சொல்லிவிடுங்கள். இருபதுகளில் இருப்பவரானால் ‘எ யங் மேன்’ போதும்.

அரசு ஆவணங்களின் கணக்கு வேறு. ஐக்கிய நாடுகள் அவை தன் புள்ளிவிவரங்களில் 15 முதல் 24 வயது வரையுள்ளவர்களை ‘யூத்’ என்கிறது. இந்தியாவின் தேசிய இளைஞர் கொள்கை 2003ஆம் ஆண்டில் 13 முதல் 35 வரை என்று வகுத்தது. 2014ஆம் ஆண்டுக் கொள்கை அதை 15 முதல் 29 வரை என்று சுருக்கியது. அத்தகைய ஆவணத்தை மொழிபெயர்க்கும்போது அதன் வரையறையையே பின்பற்ற வேண்டும். திட்டங்களுக்காக வகுத்த அந்த எல்லைகளைத் தனிமனிதர் பற்றிய செய்திக்குள் கொண்டுவர வேண்டியதில்லை.

கேள்வி: ‘பேபி’, ‘இன்ஃபன்ட்’, ‘டாட்லர்’, ‘கிட்’ – எதை எப்போது பயன்படுத்துவது?
– வாசகி, மதுரை

பதில்: வீட்டில் ‘பேபி’ போதும். மருத்துவத்தில் பிறந்து 28 நாள் வரை ‘நியோனேட்’, ஓராண்டு நிறையும் வரை ‘இன்ஃபன்ட்’. விமான நிறுவனங்கள் இரண்டு வயது நிறையாத குழந்தையை ‘இன்ஃபன்ட்’ என்று கணக்கிடுகின்றன. எனவே ஒன்றரை வயதுக் குழந்தை மருத்துவரிடம் ஒன்றாகவும் பயணச்சீட்டில் வேறொன்றாகவும் இருக்கும். ‘டாட்லர்’ என்பது தள்ளாடி நடப்பதைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது. நம் இலக்கியத்தில் தளர்நடை என்று சொல்கிறோமே, அந்தப் பருவம்; ஏறத்தாழ ஒன்று முதல் மூன்று வயது வரை. ‘கிட்’ பேச்சுக்கு உரியது. பள்ளிக்கு எழுதும் கடிதத்திலும் விண்ணப்பத்திலும் ‘சைல்ட்’ என்றே எழுதுங்கள்.

கேள்வி: ‘அடலசன்ட்’, ‘டீனேஜர்’ இரண்டும் ஒன்றா? எங்கள் பள்ளியில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான ஆலோசனை வகுப்புக்கு ஆங்கிலத்தில் பெயர் வைக்க வேண்டும்.
– ஆசிரியை, ஈரோடு

பதில்: இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து வருபவை, ஆனால் ஒன்றல்ல. ‘டீன்’ என்ற ஒலியில் முடியும் எண்கள் ஆங்கிலத்தில் பதின்மூன்றில் தொடங்கிப் பத்தொன்பதில் முடிகின்றன. எனவே பன்னிரண்டு வயதுப் பிள்ளை ‘டீனேஜர்’ ஆகாது. ‘அடலசன்ட்’ என்பதோ உடலும் மனமும் வளர்ந்து முதிரும் காலத்தைக் கொண்டு சொல்லப்படுவது. உலக சுகாதார நிறுவனம் அதை 10 முதல் 19 வயது வரை என்று வகுத்துள்ளது. ஏழாம் வகுப்பில் பதினொன்றும் பன்னிரண்டுமாக இருக்கும் பிள்ளைகளுக்கு, மருத்துவரோ உளவியலாளரோ நடத்தும் வகுப்பானால் ‘அடலசன்ட்’ சரியாக இருக்கும்.

ஆனால், பிள்ளைகளின் முகத்துக்கு நேரே அவர்களை ‘அடலசன்ட்ஸ்’ என்று அழைப்பதை நான் விரும்பமாட்டேன். அது அவர்களைப் பற்றிப் பெரியவர்கள் தமக்குள் பேசும் சொல். போதாதற்கு, பக்குவமில்லாத நடத்தையைக் குறை கூறவும் ஆங்கிலத்தில் அதைப் பயன்படுத்துவதுண்டு. ‘க்ரோயிங் அப்’ என்ற எளிய தலைப்பு அந்த வயதுப் பிள்ளைக்கும் புரியும். பெற்றோருக்கும் தயக்கம் தராது.

கேள்வி: எங்கள் குடும்ப விழா ஒன்றுக்கு ஆங்கிலத்திலும் அழைப்பிதழ் அச்சிடுகிறோம். ‘வயதுக்கு வந்த’ என்பதற்கு அச்சகத்தார் ‘அட்டெய்ண்டட் ஏஜ்’ என்கிறார்கள். என் அண்ணன் மகன் ‘கம் ஆஃப் ஏஜ்’ என்கிறான். எது சரி?
– வாசகி, கரூர்

பதில்: அழைப்பிதழுக்கு இரண்டும் வேண்டாம் என்பதே என் கருத்து. காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால், இந்த ஒரு தொடர் மருத்துவமனையிலும் நீதிமன்றத்திலும்கூடத் தவறான பொருளைத் தந்துவிடக் கூடும்.

‘அட்டெய்ண்டட் ஏஜ்’ என்பதும், பேச்சில் நாம் சொல்லும் ‘ஏஜ் அட்டெண்ட்’ என்பதும் நம் ஊருக்கு வெளியே எவருக்கும் விளங்காது. எந்த வயதை அடைந்தாள் என்ற கேள்வியே எழும். ‘கம் ஆஃப் ஏஜ்’ என்பது நல்ல ஆங்கிலந்தான். ஆனால் ஒரு தனி மனிதரைப் பற்றிச் சொல்லும்போது அது சட்டப்படி வயது நிறைந்தவராதலைக் குறிக்கும். இந்தியாவில் 1875ஆம் ஆண்டின் வயதுநிறைவுச் சட்டப்படி அது 18 வயது. பன்னிரண்டு வயதுச் சிறுமி ‘கேம் ஆஃப் ஏஜ்’ என்று எழுதினால், குழந்தையை வளர்ந்த பெண்ணாக எழுத்தில் மாற்றிவிடுகிறோம். வழக்கு ஆவணத்திலோ மருத்துவக் குறிப்பிலோ அப்படி ஒரு வாக்கியம் ஏறுவது அந்தக் குழந்தைக்குச் செய்யும் தீங்கு. ‘மெச்சூர்டு’ என்பதும் அத்தகையதே. உடலில் ஒரு மாற்றம் தொடங்கியிருக்கிறது என்பதற்காக மனம் முதிர்ந்துவிட்டதாக அச்சொல் சொல்லிவிடுகிறது.

மருத்துவரிடம் பேசும்போது ‘ஹாட் ஹர் ஃபர்ஸ்ட் பீரியட்’ என்பதே தெளிவானது. முதல் மாதவிடாயை மருத்துவ நூல்கள் ‘மெனார்க்கி’ என்கின்றன. ‘ரீச்டு ப்யூபர்ட்டி’ என்பதும் வழக்கில் உண்டு. ஆயினும் ‘ப்யூபர்ட்டி’ ஒரே நாளில் நடந்து முடிவதன்று. பெண் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் 8 வயதுக்கும் 13 வயதுக்கும் இடையில் அது தொடங்கும். மார்பக வளர்ச்சியே பெரும்பாலும் முதல் அடையாளம். முதல் மாதவிடாய் அதன்பின் ஏறத்தாழ இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்தே வரும். நாளைக் குறிப்பிட வேண்டிய இடத்தில் மாதவிடாய் என்றே சொல்வதுதான் பிழையற்றது.

இனி உங்கள் அழைப்பிதழ். சடங்கைப் பற்றிப் பேசும்போது ‘கமிங் ஆஃப் ஏஜ் செரிமனி’, ‘ப்யூபர்ட்டி செரிமனி’ என்ற தொடர்கள் ஆங்கிலத்தில் வழக்கில் இருக்கின்றன. ஜப்பானில் ஜனவரி மாத இரண்டாம் திங்கட்கிழமையில் இளையோருக்காகக் கொண்டாடும் நாளையும் ஆங்கிலத்தில் ‘கமிங் ஆஃப் ஏஜ் டே’ என்றுதான் சொல்கிறார்கள். ஆனால், அவை ஆய்வாளர் வெளியிலிருந்து பார்த்து எழுதும் சொற்கள். பெண்ணின் பெயருக்குப் பக்கத்தில் அவற்றை அச்சிட்டால், அவளுடைய உடல்நிலையை ஊருக்கு அறிவிப்பதுபோல் ஆகிவிடும். ‘மஞ்சள் நீராட்டு விழா’ என்ற பெயரையே ஆங்கில எழுத்தில் இட்டு, நாளும் இடமும் குறித்தால் போதும். வருகிறவர்களுக்கு அது எந்த விழா என்று தெரியும். அச்சிடுவதற்கு முன் அந்தப் பெண்ணிடமும் ஒருமுறை காட்டுங்கள்.

கேள்வி: சட்டக் கல்லூரி மாணவன் நான். ‘சைல்ட்’, ‘மைனர்’, ‘ஜுவனைல்’ மூன்றும் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவரையே குறிக்கின்றன. பின் எதற்கு மூன்று சொற்கள்?
– வாசகர், சேலம்

பதில்: வயது ஒன்றாக இருந்தாலும் மூன்றும் ஒருவரை மூன்று பக்கங்களிலிருந்து பார்க்கின்றன. ‘மைனர்’ என்பது உரிமையைப் பற்றியது. ஒப்பந்தம் செய்யவோ சொத்தை விற்கவோ தகுதி வராதவர். (ஆடம்பரமாகத் திரியும் செல்வர் வீட்டுப் பையன் என்று தமிழில் உள்ள பொருள் ஆங்கிலத்தில் இல்லை. ‘மேஜர் ஆகிவிட்டான்’ என்பதையும் அப்படியே பெயர்க்காதீர்கள். சட்டத் துறைக்கு வெளியே இருப்பவர் இராணுவப் பதவி என்று எடுத்துக்கொள்வார்.) ‘சைல்ட்’ என்பது பாதுகாப்பைப் பற்றியது. 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையும், நம் நாட்டின் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டமும் 18 வயது நிறையாத எவரையும் ‘சைல்ட்’ என்கின்றன. ‘ஜுவனைல்’ என்பது குற்ற வழக்கோடு ஒட்டிக்கொண்ட சொல்.

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் தன் ஆங்கிலத் தலைப்பில் ‘ஜுவனைல்’ என்பதை வைத்திருந்தாலும், உள்ளே ‘சைல்ட் இன் கான்ஃப்ளிக்ட் வித் லா’ என்றே பேசுகிறது. சட்டத்தோடு முரண்பட நேர்ந்தாலும் அவர் குழந்தையே என்று அத்தொடர் வலியுறுத்துகிறது. நீளமாக இருக்கிறது என்று அதைச் சுருக்கி ‘ஜுவனைல் கிரிமினல்’ என்று எழுதுவது, சட்டம் தர மறுத்த பட்டத்தை நாம் தருவதாகும். தமிழில் ‘இளைஞர் நீதிக் குழுமம்’ என்று வழங்குவதை ஆங்கிலத்தில் ‘யூத் கோர்ட்’ என்று பெயர்ப்பதும் தவறு; ‘ஜுவனைல் ஜஸ்டிஸ் போர்டு’ என்பதே அதன் பெயர்.

மூன்றுக்கும் எல்லை எப்போதும் பதினெட்டுதான் என்று எண்ணிவிட வேண்டாம். கட்டாயக் கல்விச் சட்டத்தில் ‘சைல்ட்’ என்பது 6 முதல் 14 வயது வரை. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில், 2016ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், 14 முதல் 18 வயதுக்குள் இருப்பவர் ‘அடலசன்ட்’. 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்திலோ 21 வயது நிறையாத ஆணும் ‘சைல்ட்’. அதே இருபது வயதுக்காரர் தேர்தலில் வாக்களிக்கும் ‘அடல்ட்’. எந்தச் சட்டத்தின் கீழ் எழுதுகிறீர்கள் என்று பார்த்த பிறகே சொல்லைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: உலா இலக்கியத்தில் வரும் பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை ஆகியோரை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? ‘மடந்தை’க்கு ‘டீனேஜர்’ எழுதலாமா?
– வாசகர், காரைக்குடி

பதில்: பரவலாக வழங்கும் கணக்கின்படி பேதை 5 முதல் 7 வயது, பெதும்பை 8 முதல் 11, மங்கை 12, 13, மடந்தை 14 முதல் 19. வயது பொருந்துகிறது என்பதற்காக ‘டீனேஜர்’ எழுதினால் காலம் பொருந்தாது. அச்சொல் 1940களில் அமெரிக்காவில் பரவியது. பள்ளி, கைச்செலவுப் பணம், தனக்கென்று ஓர் இசை ஆகியவற்றோடு கூடிய ஒரு பருவத்தை அது காட்டுகிறது. தெருவில் உலா வரும் தலைவனைக் கண்டு நிற்கும் மடந்தையை அந்த உலகத்தில் கொண்டுபோய் வைக்க முடியாது. ‘மெய்டன்’ என்பது உலாவில் வரும் பேதை முதல் பேரிளம்பெண் வரையுள்ள எழுவருக்கும் ஒன்றுபோல் பொருந்திவிடுவதால் வேறுபாடு மறைந்துவிடும். தமிழ்ப் பெயர்களையே வைத்துக்கொண்டு, முதல் முறை வரும் இடத்தில் வயதைச் சொல்லிவிடுவது நல்லது. எழுவரின் வரிசையே உலாவின் அழகு. அந்த வரிசை புலப்பட்டால் படிப்பவர் பின்தொடர்ந்துவிடுவார்.

கேள்வி: வேலை விண்ணப்பத்தில் ‘ஐ வாஸ் க்ரோன் அப் இன் திண்டுக்கல்’ என்று எழுதலாமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: கூடாது. ‘ஐ க்ரூ அப் இன் திண்டுக்கல்’ என்றோ, ‘ஐ வாஸ் ப்ராட் அப் இன் திண்டுக்கல்’ என்றோ எழுதுங்கள். முன்னது நீங்கள் வளர்ந்ததையும், பின்னது உங்களை வளர்த்ததையும் சொல்கிறது, இரண்டும் சரியானவை. ‘க்ரோன் அப்’ என்றால் ஆளாகிவிட்டவர் என்று பொருள். இன்னொன்றையும் கவனியுங்கள்: பெயருக்கு முன்னே வயது வரும்போது ‘இயர்’ ஒருமையாகவே நிற்கும். ‘எ டென் இயர்ஸ் ஓல்ட் பாய்’ என்பது பிழை. ‘எ டென் இயர் ஓல்ட் பாய்’ என்பதே சரி.