முதலில் அந்தப் பந்தைக் கீழே வையுங்கள்

கேள்வி: கண்ணாடி உடைந்து மணிக்கட்டில் வெட்டுப்பட்டதால், அவசர அறுவை சிகிச்சை செய்து தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்களையும் நரம்பையும் தைத்தார்கள். 4 வாரங்கள் ஆகின்றன. விரல்கள் முழுதாக மடங்கவில்லை, நுனிகள் மரத்திருக்கின்றன, அவ்வப்போது ஷாக் அடிப்பதுபோல் சுரீரென்கிறது. பிசியோதெரபியில் லேசான அசைவுகளே தருவதால், யூடியூப் பார்த்து ரப்பர் பந்தை அழுத்துகிறேன். எண்ணெய் தேய்த்து நீவுகிறேன். நரம்புக்கு மாத்திரையும் வாங்கிச் சாப்பிடுகிறேன். என் கை இனி வேலைக்கு ஆகுமா?
– வாசகர், வயது 34

பதில்: ஆகும் என்றே எதிர்பார்க்கலாம், நீங்களே கெடுத்துக்கொள்ளாத வரை. முதலில் அந்தப் பந்தைக் கீழே வையுங்கள். 4 வாரத்தில் தசைநாண் சேரத் தொடங்கியிருக்குமே தவிர, பலமான இழுவையைத் தாங்கும் உறுதி அதற்கு வந்திருக்காது. பந்தை அழுத்தும்போது முன்கைத் தசை இழுப்பது அந்தத் தையலைத்தான். பிசியோதெரபியில் நல்ல கையால் விரல்களை உள்ளங்கைப் பக்கம் மடக்கி, அவை அப்படியே நிற்கும் அளவுக்கு மட்டும் மெல்லப் பிடித்துவைத்து, பிறகு ஸ்பிளின்ட் (கையைத் தாங்கிப் பிடிக்கும் கவசம்) அனுமதிக்கும் வரை நீட்டுகிறீர்களே, அந்த அசைவில்தான் தசைநாண் வடுவோடு ஒட்டிக்கொள்ளாமல் நழுவிப் பழகுகிறது. பிடிவலிமைக்கான பயிற்சி பொதுவாக 8 வாரங்களுக்குப் பிறகு; பளு தூக்குவது 12 வாரங்களுக்குப் பிறகு. காணொளியில் பேசுபவருக்கு உங்கள் கையில் எது அறுந்தது என்பதே தெரியாது.

நீங்கள் கண்காணிக்க வேண்டியது ஒன்றே. நேற்று வரை ஓரளவு மடங்கிய விரல், இன்று எவ்வளவு முயன்றும் மடங்காமல், மற்ற விரல்களோடு சேராமல் நீட்டியபடி நின்றால், தையல் அறுந்திருக்கக்கூடும். 'டப்' என்ற உணர்வு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். வலி பெரிதாக இல்லாததால் பலர் வாரக்கணக்கில் காத்திருந்துவிடுகிறார்கள். சில நாட்களுக்குள் வந்தால் பெரும்பாலும் மீண்டும் தைத்துவிடலாம். தாமதித்தால் அறுந்த முனை உள்ளே சுருங்கிப்போய், வேறிடத்திலிருந்து தசைநாண் எடுத்து ஒட்ட நேரிடும். எனவே விரலைச் சோதித்துக்கொண்டிராமல், ஸ்பிளின்ட்டைக் கழற்றாமல், டிஸ்சார்ஜ் சம்மரியுடன் அன்றே அறுவை செய்த மருத்துவரிடம் செல்லுங்கள்.

மரத்துப்போனதைப் பற்றிப் பதற வேண்டாம். தைத்த நரம்பு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான் வளரும். மணிக்கட்டிலிருந்து விரல்நுனியை எட்ட அரை ஆண்டுக்கு மேலாகும், பழைய உணர்வு முழுவதும் திரும்பும் என்று நான் வாக்குத் தரவும் மாட்டேன். அந்தச் 'சுரீர்' பெரும்பாலும் நரம்பு வளர்வதன் அடையாளமே. அதுவரை கொதிக்கும் டம்ளரையும் அடுப்புப் பாத்திரத்தையும் அந்தக் கையால் தொடாதீர்கள், சுட்டாலும் தெரியாது.

மாத்திரையை நிறுத்துங்கள், அது தைத்த நரம்பை வளர்க்காது, அதிலுள்ள வைட்டமின் பி6 நாட்பட்டு அளவு மீறினால் நரம்பையே கெடுக்கும். காயம் முழுதாக ஆறியபின் வடுவின் மீது மட்டும் மெல்ல எண்ணெய் தேய்க்கலாம். விரலைப் பின்னுக்கு இழுத்து நீவுவது, செய்பவர் எவ்வளவு கைராசிக்காரராக இருந்தாலும், கூடவே கூடாது.